வளவில் கோழி: மாரிக்கு முன்னமே தொடங்கலாமா, மாரி கழியட்டுமா?

வளவுக்காரி (களுவாஞ்சிக்குடி), ஒக்டோபர் 11

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வளவு 20 பேர்ச். பின்பக்கம் ஒரு மாமரம், இரண்டு முருங்கை, கிணற்றடியில் வாழை. மகளுக்கு 9 வயது. கோழி வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கும் ஆசைதான். சின்ன வயதில் அம்மம்மா வீட்டில் விடியக் கூடு திறந்துவிடுவது என் வேலை. கதவைத் தூக்கியதும் கால்களுக்கு இடையால் பாய்ந்து ஓடுவது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலை 7 மணிக்குப் போனால் பின்னேரம் 3 மணிக்குத்தான் வருவோம். மாமி வீட்டில் இருப்பார், ஆனால் முழங்கால் வருத்தம், குனிந்து நிமிர ஏலாது. தெரிந்த ஒருவர் ஒரு நாள் குஞ்சு 10 தருகிறேன் என்கிறார். தீபாவளிக்கு முன் எடுக்கச் சொல்கிறார். கூடு இன்னும் இல்லை, ஒரு பழைய மரப்பெட்டிதான் இருக்கிறது. முட்டைக்குத்தான் வளர்க்க நினைக்கிறோம். இப்போதே எடுக்கலாமா?

படுவான்கரைப் பொடியன் (கொக்கட்டிச்சோலை), ஒக்டோபர் 11

அக்கா, இப்ப எடுக்க வேண்டாம். மழை பிடித்தால் தை வரைக்கும் விடாது. குஞ்சுக்கு முதல் எதிரி பருந்தும் இல்லை, கீரியும் இல்லை, ஈரம்தான். என்னிடம் ஊர்க்கோழி 30 வரை நிற்கிறது. கார்த்திகை, மார்கழியில் அடைக்கு உட்காரும் கோழியைக்கூட நான் எழுப்பிவிடுவேன்.

பெரும்போக வெட்டு முடியட்டும். மாசி, பங்குனியில் ஆலையில் குறுணலும் தவிடும் மலிவாகக் கிடைக்கும். வயலடியில் சிந்தின நெல், வெட்டுக்கிளி, கரையான் என்று கோழிக்கு வேண்டியதெல்லாம் நிலத்திலேயே இருக்கும். எங்கள் பக்கம் பரம்பரையாக அப்போதுதான் குஞ்சு இறக்குவார்கள்.

கல்லடிப் பாலம் (கல்லடி), ஒக்டோபர் 12

நான் நவம்பரில் தொடங்கியவள். நடந்ததைச் சொல்கிறேன், இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

12 குஞ்சு. குசினிக்குப் பின்னால் உள்ள தாழ்வாரத்தில் காட்போட் பெட்டி, உள்ளே ஒரு பல்ப். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தன. மூன்றாம் இரவு காற்றும் மழையும், மின்சாரம் போய்விட்டது. பெட்டியின் மேலே சாக்கைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தால் ஒரு மூலையில் ஏழு குஞ்சு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியில் கிடந்தவை தட்டையாகிவிட்டிருந்தன. குளிர்ந்தால் குஞ்சுகள் சூடு தேடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கீழே போனது மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மீதி ஐந்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பகல் முழுக்க இருந்தேன்.

ஐந்தும் பிழைத்தன. ஆனால் அந்த ஏழும் என் அவசரத்தில் போன உயிர்கள். தங்கச்சி, மரப்பெட்டியை நம்பி எடுக்காதீர்கள்.

பழைய உத்தியோகத்தர் (மட்டக்களப்பு), ஒக்டோபர் 12

கால்நடைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை, ஒரு நாள் குஞ்சு என்றால் முதல் வாரம் அதற்கு ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். இறகு முளைத்துத் தன்னைத் தானே காக்க மூன்று நான்கு வாரம் எடுக்கும். தெர்மோமீற்றர் இல்லாவிட்டால் குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்குக் கீழே குவிந்து கீச்சிட்டால் குளிர். சுவரோரம் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். எங்கும் பரவி, சில தின்று, சில படுத்துக் கிடந்தால் சரி. ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது, அந்த ஓட்டையைத் தேடுங்கள். இரவு 9 மணிக்குக் குஞ்சின் கழுத்தடியில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். தீன்பை மெத்தென்று நிறைந்திருந்தால் அது தின்கிறது, குடிக்கிறது. வெறுமையாக இருந்தால் அன்றிரவே காரணம் தேட வேண்டும்.

இந்த மூன்று வாரத்தில் பகலிலும் நாலைந்து தடவை ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் 7 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் குனியக்கூடியவர் இல்லை. அதனால் நீங்கள் ஒரு நாள் குஞ்சு எடுக்கவே வேண்டாம் என்பேன், எந்த மாதமானாலும். ஒரு மாதக் குஞ்சு எடுங்கள். விலை கூட, ஆனால் சூட்டுப் பருவத்தை வேறொருவர் கடத்தித் தந்திருப்பார். கொடுப்பவரிடம் என்ன தடுப்பு மருந்து, எந்தத் திகதியில் கொடுத்தது என்று எழுதி வாங்குங்கள்.

மாதத்தைப் பற்றி: தம்பி சொன்ன மாசி, பங்குனி ஊர்க்கோழிக்குச் சரி, தாய்க்கோழி கூடவே மேய்க்கும். முட்டைக்கென்று கலப்பினம் எடுப்பவர் முன்னோக்கி எண்ண வேண்டும். அது 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வரும். மாசியில் பொரித்தது ஆனி, ஆடியில் வரும். அப்போது நம் ஊரில் கச்சான், சூடான வறண்ட காற்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வெப்பத்தில் தீன் குறையும், முட்டை சிறுக்கும், கோது மெலியும். சித்திரை கடைசியில் பொரித்ததென்றால் கச்சான் அடங்கும் நேரத்தில் முட்டைக்கு வரும், மாரி தொடங்க முன் உடம்பும் தேறிவிடும். நான் வேலையில் இருந்தபோது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லி வந்தேன்.

படுவான்கரைப் பொடியன், ஒக்டோபர் 12

ஐயா, மரியாதையோடு மறுத்துச் சொல்கிறேன். கச்சானில் வாழையும் மாமரமும் நிற்கிற வளவு என்றால் நிழல் போதும். சித்திரைக் குஞ்சு வளர்வதே கச்சானுக்குள்தான், தண்ணீர் ஒரு நேரம் தவறினாலும் விழுந்துவிடும். சின்னதில் பட்ட சூட்டை விட, வளர்ந்த பிறகு படும் சூட்டைக் கோழி தாங்கும் என்பது என் அனுபவம். அப்புறம் தீன். சித்திரையில் குறுணல் விலை ஏறிவிடும்.

பழைய உத்தியோகத்தர், ஒக்டோபர் 12

தம்பி, இதில் ஒரு திருத்தம். பெரிய கோழிதான் சூட்டில் கூடுதலாகச் சாகும். உடல் பருமன் கூடக்கூட வெப்பத்தை வெளிவிடுவது கஷ்டம், குஞ்சுக்கோ முதல் வாரங்களில் சூடே தேவை. தண்ணீர் விஷயத்தில் நீர் சொன்னது முழுக்கச் சரி. தீன் விலையை நான் யோசிக்கவில்லை, அதுவும் நியாயம்தான். ஆறு கோழிக்கு அது பெரிய வித்தியாசம் வராது, 60 கோழிக்கு வரும்.

சம்மாந்துறை காக்கா (சம்மாந்துறை), ஒக்டோபர் 13

மாதத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. தங்கச்சி, 2011 தை வெள்ளத்தில் உங்கள் வளவில் எவ்வளவு நின்றது? சுவரில் கறை இருக்கும், மாமியிடம் கேளுங்கள். அந்தக் கறைக்கு மேலேதான் கூட்டின் தளம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நிலத்தோடு வைத்த கூட்டில் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறி, வாப்பா இடுப்பளவில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கி மச்சில் விட்டார். அதற்குப் பிறகு நான் கட்டிய கூடு கப்பு நட்டு மூன்றடி உயரத்தில் நிற்கிறது.

ஆறு கோழிக்கு 6 அடி நீளம் 4 அடி அகலம் தாராளம். ஆழ்கூளத்துக்கு, அதாவது தளத்தில் உமியைத் தடிப்பாகப் பரப்பி வளர்ப்பதற்கு, கோழிக்கு 2 சதுர அடி என்றுதான் கணக்கு. ஆனால் மாரியில் நாள் முழுக்க அடைந்து கிடக்கும்போது அந்த அளவில் ஒன்றையொன்று கொத்தும். நீளப்பாட்டை கிழக்கு மேற்காக வையுங்கள், காலை வெயிலும் மாலை வெயிலும் நீளப் பக்கத்தில் நேரே அடிக்காது. மாரியில் சாரல் வடகிழக்கால் வரும், அந்தப் பக்கத் தாழ்வாரத்தை மூன்றடி நீட்டுங்கள். கூரைக்குத் தகரம் போட்டால் மேலே கிடுகு விரியுங்கள், கச்சானில் உள்ளே நிற்கும்போதே வித்தியாசம் தெரியும்.

வலையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கடையில் கோழி வலை என்று விற்கிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், கீரியை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் வலை வாங்குங்கள். ஒரு வருடம் என் கூட்டில் கதவுக்கும் கப்புக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. கீரி அதற்குள்ளால் தலையை நுழைத்துவிட்டது. நான்கு கோழி, நான்கிலும் கழுத்தில் மட்டும் காயம், ஒன்றைக்கூட இழுத்துப் போகவில்லை. தலை போகும் இடமெல்லாம் அதன் உடம்பும் போகும். இரவில் மரநாய் வரும், அது சாதாரணக் கொளுக்கியைத் தட்டித் திறந்துவிடும். இரட்டைக் கொளுக்கி போடுங்கள்.

வளவுக்காரி, ஒக்டோபர் 13

எல்லாருக்கும் மிக்க நன்றி. மாமியிடம் கேட்டேன். 2011இல் குசினிப் படி மூன்றும் மூடித் தண்ணீர் நின்றதாம். அளந்து பார்த்தேன், 22 அங்குலம். அவர் சொன்ன இடத்தில் சுவரில் மெல்லிய மஞ்சள் கோடு இப்போதும் இருக்கிறது, இத்தனை வருடம் அது என்னவென்று நான் கேட்டதே இல்லை.

குஞ்சு தருகிறவருக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் அழுதாள். கூட்டை அவளும் அப்பாவும் சேர்ந்து கட்டுவதாக ஒப்பந்தம்.

இரண்டு கேள்வி. ஆறு கோழி எவ்வளவு தின்னும்? முட்டை நின்ற பிறகு என்ன செய்வது? மகள் இப்போதே பெயர் வைத்துவிட்டாள்.

பழைய உத்தியோகத்தர், ஒக்டோபர் 14

முட்டையிடும் கலப்பினக் கோழி நாளுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். ஆறுக்கு மாதம் 21 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதைப் போல இரண்டு மடங்கு, கச்சானில் இன்னும் கூட. முட்டைத் தீனில் புரதம் 16, 17 சதவீதம் இருக்கும், கல்சியம் 3.5 சதவீதத்துக்கு மேல். குறுணல், தவிட்டை மட்டும் போட்டால் கோழி உயிரோடு இருக்கும், முட்டை வராது. முருங்கை இலை நல்லது. வாவிக் கரையில் பொறுக்கிய மட்டி ஓட்டை நன்றாகக் கழுவி, காய வைத்து, இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள், தேவையான கோழி தானே கொத்தும். ஆனால் இதை முட்டைப் பருவத்தில்தான் வைக்க வேண்டும். வளரும் குஞ்சுக்கு முட்டைத் தீனைக் கொடுத்தால் அந்தக் கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மாரியில் தீன் மூட்டையைப் பலகைக்கு மேல் வையுங்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வாங்கி அடுக்க வேண்டாம். சோளம் பூஞ்சணம் பிடித்தால் அதில் வரும் நஞ்சு ஈரலைத் தின்னும். கட்டி விழுந்த தீனைக் கோழிக்குப் போடாமல் புதைத்துவிடுங்கள்.

இன்னொன்று. முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. குஞ்சு பொரிக்க மட்டும்தான் சேவல்.

சம்மாந்துறை காக்கா, ஒக்டோபர் 14

முட்டை நின்ற கோழியை நாங்கள் அறுத்துக் கறியாக்குவோம். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வளர்ப்போம், மறைக்க மாட்டோம். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்றால் அதுவும் சரிதான், ஆனால் அதைக் குஞ்சு வாங்க முன்னமே முடிவு செய்யுங்கள். கலப்பினம் முதல் வருடத்தில் 280, 300 முட்டை போடும், இரண்டாம் வருடத்திலிருந்து இறங்கும். கோழி அதற்குப் பிறகும் நாலைந்து வருடம் உயிரோடு இருக்கும். அத்தனை காலமும் தீன் போடத் தயாரா என்பதுதான் கேள்வி. மகளுடன் உட்கார்ந்து பேசுங்கள் தங்கச்சி, 9 வயதுப் பிள்ளைக்கு விளங்கும்.

திருக்கோவில் அம்மம்மா (திருக்கோவில்), ஒக்டோபர் 16

பேரன் தட்டித் தருகிறான், நான் சொல்லுறன்.

மகள், உங்களுக்கு ஏன் கலப்பினம்? ஊர்க்கோழி இரண்டும் ஒரு சேவலும் போதும். வருடத்துக்கு 50, 60 முட்டைதான் போடும், மெய். ஆனால் அடை கிடக்கும், குஞ்சைத் தானே வளர்க்கும், பிராந்தைக் கண்டால் கூவிக் குஞ்சைச் செட்டைக்குள் எடுக்கும். கலப்பினத்துக்கு அந்த அறிவை எடுத்துப்போட்டார்கள்.

அடை வைப்பதென்றால் 10, 12 முட்டைக்கு மேல் வைக்கக் கூடாது. கோழியின் உடம்பு மூடுகிற அளவுதான் கணக்கு. பழைய கடகத்தில் மணல் போட்டு, மேலே வைக்கோல். 21 நாள். ஏழாம் நாள் இரவு முட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்பு குப்பி விளக்கு, இப்போது இவன் போன் லைற்றைப் பிடிக்கிறான். உள்ளே சிவப்பு நரம்பு சிலந்திக் கால் போல ஓடினால் குஞ்சு இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் மஞ்சளாகத் தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடு. விட்டால் கூழ்முட்டையாகி உடையும், நாற்றத்தில் கோழியே எழும்பிவிடும். அடைக்கோழி நாளுக்கு ஒருக்கால் இறங்கித் தின்று, குடித்து, பீச்சிவிட்டு வரும். இறங்காவிட்டால் நீ தூக்கி இறக்க வேணும். இல்லாவிட்டால் முட்டை மேலே இருந்தபடியே காய்ந்து போகும் அது.

என்னுடைய மனுசன் 1978 சூறாவளிக்கு அடுத்த நாள் விழுந்த தென்னைக்கு அடியிலிருந்து ஒரு அடைக்கோழியை எடுத்தார். கடகத்தோடு அப்படியே இருந்தது. எழும்பவில்லை. எட்டுக் குஞ்சு பொரித்தது.

கல்லடிப் பாலம், ஒக்டோபர் 16

அம்மம்மா, வாசித்துக் கண் கலங்கிவிட்டது.

ஒன்று சேர்க்கிறேன். நோயைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை. என் ஐந்தில் மூன்று அடுத்த வருடம் மூன்றே நாளில் போயின. கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். தடுப்பு மருந்து போடாததுதான் காரணம்.

பழைய உத்தியோகத்தர், ஒக்டோபர் 17

அது ரனிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். வந்த பிறகு மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, அப்புறம் மீண்டும் மீண்டும் ஊக்கத் தடுப்பு. உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் அட்டவணை எழுதித் தருவார்கள், அதன்படி நடவுங்கள்.

இதில் சனம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. குப்பி ஒன்றில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும், கரைத்தால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிட வேண்டும். ஆறு கோழிக்காரர் குப்பியை வாங்கத் தயங்குவார், வாங்கினால் மீதியை நாளைக்கு என்று வைப்பார், அது வெறும் தண்ணீர். ஒழுங்கையில் கோழி வைத்திருக்கும் எல்லா வீட்டையும் சேர்த்து ஒரே காலையில் போடுங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கோழி விழுந்தால் உங்களுடையதும் விழும், அதனால் இது உங்களுக்கும் பாதுகாப்பு.

அம்மைத் தடுப்பூசியை மாரிக்கு முன் முடியுங்கள். கோழி அம்மையைப் பரப்புவது நுளம்பு, மழைத் தண்ணீர் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம்.

வளவுக்காரி, ஜனவரி 19

மூன்று மாதத்துக்குப் பிறகு வருகிறேன். கூடு முடிந்தது. கப்பு ஆறு, தளம் நிலத்திலிருந்து 3 அடி. தளத்தில் பலகை, மேலே நான்கு அங்குலம் உமி. கணவர் கதவுக்கு உள்ளேயும் ஒரு சட்டம் அடித்தார். காக்கா சொன்ன இரண்டு விரலை மகள் தன் விரலை வைத்தே எல்லா இடத்திலும் சோதித்தாள். முட்டைப் பெட்டி இரண்டு, வெளியிலிருந்து திறக்கும்படி இடுப்பு உயரத்தில். மாமி குனியாமலே முட்டை எடுக்கலாம். தண்ணீர் வாளியையும் அதே உயரத்தில் கட்டினோம். அந்த யோசனை மாமியுடையது.

வெறும் கூட்டை மாரி முழுக்க நிற்க விட்டோம். அது நல்லதாகப் போயிற்று. மார்கழியில் ஒரு இரவு சாரல் வடக்கால் வந்து உமியில் பாதி நனைந்துவிட்டது. உள்ளே ஒரு உயிரும் இல்லை, அதனால் நிம்மதியாகத் தாழ்வாரத்தை இன்னும் ஒரு அடி நீட்டினோம். வளவில் தண்ணீர் முதலாம் படியோடு நின்றுவிட்டது.

ஒழுங்கையில் ஐந்து வீட்டில் கோழி இருக்கிறது. தடுப்பு மருந்தைச் சேர்ந்து போட நான்கு வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். ஐந்தாம் வீட்டு அண்ணனிடம் மாமி பேசுகிறேன் என்றிருக்கிறார்.

மகளுடன் பேசினோம். முட்டை நின்றாலும் வைத்திருப்பது என்று முடிவு. அதனால்தான் ஆறை நான்காகக் குறைத்தோம். நான்கின் தீனை எங்களால் எத்தனை வருடமும் தாங்க முடியும்.

சம்மாந்துறை காக்கா, ஜனவரி 19

மாஷா அல்லாஹ். மூன்று மாதம் பொறுத்த பிள்ளைக்கு என் சலாம் சொல்லுங்கள்.

படுவான்கரைப் பொடியன், ஜனவரி 20

அக்கா, எங்கள் பக்கம் வெட்டுத் தொடங்கிவிட்டது. உமி இரண்டு மூட்டை உங்களுக்காக எடுத்து வைக்கிறேன், பட்டிருப்புப் பாலத்தால் வரும்போது தருகிறேன். இப்ப சொல்லுங்கள், மாசியா சித்திரையா?

வளவுக்காரி, ஜனவரி 20

தம்பி, மாசி. ஐயா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். சித்திரையில் எங்களுக்கு வருடப்பிறப்பு, கோயில், ஊர் போய் வருவது என்று வீட்டில் ஆள் நிற்காத வாரங்கள் வரும். மாசியில் நால்வரும் வீட்டில் இருக்கிறோம். பெப்ரவரி 14, சனிக்கிழமை, ஒரு மாதக் குஞ்சு நான்கு. கச்சானுக்குக் கூரையில் கிடுகு போட்டாயிற்று.

பழைய உத்தியோகத்தர், ஜனவரி 20

ஆள் நிற்கும் மாதம்தான் நல்ல மாதம், பிள்ளை. குஞ்சு வந்த முதல் நாள் தீனுக்கு முன் தண்ணீர் வையுங்கள். ஒவ்வொன்றின் சொண்டையும் ஒரு தடவை தொட்டு நனைத்துவிடச் சொல்லுங்கள் மகளிடம். ஏற்கெனவே தின்ற தீனையே முதல் வாரம் கொடுங்கள், விற்பவரிடம் இரண்டு கிலோ கேட்டு வாங்கி வாருங்கள். இரவில் 9 மணிக்குக் கழுத்தடியைத் தடவிப் பார்க்க மறக்க வேண்டாம்.

வளவுக்காரி, பெப்ரவரி 14, இரவு 9.20

தடவிப் பார்த்தாள். நான்கும் மெத்தென்று இருக்கிறதாம்.